மஞ்சுவைத் திட்டாத நாட்கள்

ஜனவரி 18, ஞாயிறு

சரியான பனி. பண்ணை ஷெட்டுக்குப் போகும் வழியில், என் மேசையில் வேலை பார்க்கும் நாகம்மா முன்னால் நடந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் இருமல் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

இன்று அரை நாள் வேலை. விடியலில் வெட்டி வந்த ரோஜாவை மட்டும் அளவு பிரித்துக் கட்டி, கோல்டு ரூமில் வைத்தாயிற்று. அடுத்த வாரத்திலிருந்து அரை நாள் என்ற பேச்சே கிடையாது. பிப்ரவரி பதினாலுக்கு எந்தெந்த ஊரிலோ யார் யாரோ காதலிக்க, இங்கே தளி ஊரில் நாங்கள் இடுப்பு ஒடிய நிற்க வேண்டும்.

நாளைக்கு மஞ்சு மறுபடி வேலைக்கு வருகிறாள். எட்டு மாதத்துக்குப் பிறகு.

போன கோடையில் அவளுக்கு முதலில் தூக்கம் போனது. பிறகு சாப்பாடு. ஒரு மதியம், மேசையில் கிடந்த பூவெல்லாம் தன்னைக் கேவலமாகப் பேசுகிறது என்று சொல்லி வாளி வாளியாகக் கவிழ்த்துவிட்டு, செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினாள். நானும் நாகம்மாவும்தான் பிடித்து உட்கார வைத்தோம். என் கையில் அவள் கடித்த தடம் ரொம்ப நாள் இருந்தது. அப்புறம் பெங்களூர் ஆஸ்பத்திரி, மாத்திரை, வீடு. இப்போது நன்றாக இருக்கிறாள் என்று தீபா சொல்கிறது. தீபா ஒரு டிரஸ்ட்டில் வேலை பார்க்கும் பெண். ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய் இந்த மாதிரி வீடுகளைப் பார்த்துவிட்டு வரும். மேனேஜரிடம் பேசி மஞ்சுவுக்கு வேலை கேட்டதும் அதுதான். "பிப்ரவரி ஆர்டர் போற வரைக்கும் பார்க்கலாம். அப்புறம் ஜெயமேரி சொல்றத வெச்சு முடிவு பண்ணலாம்" என்றார் அவர். சூப்பர்வைசர் என்று பெயர் வைத்த பாவத்துக்கு என் தலையில் கட்டிவிட்டார்.

வேலை முடிந்ததும் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன்.

"பழசு எதையும் யாரும் பேசக் கூடாது. பூ வெட்டுற கட்டர அவ கையில தர வேணாம். முக்கியமா, யாரும் அவள ஒரு வார்த்தை திட்டக் கூடாது."

நாகம்மா கேட்டாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், தமிழை எண்ணி எண்ணித்தான் செலவு செய்வாள். "தப்பா கட்டுனா?"

"அவகிட்ட சொல்லாத. அந்தாண்ட எடுத்துட்டுப் போயி பிரிச்சு, நாமளே கட்டிடலாம்."

"திட்டாம வேலை எப்டி ஆவும் மேரி?"

நியாயமான கேள்வி. எங்கள் ஷெட் ஓடுவதே திட்டில்தான். கை மெதுவாக ஓடினால் தமிழில். பேச்சு கூடினால் தெலுங்கில். மேனேஜர் பக்கத்தில் நின்றால் அவர் காதில் விழுகிற மாதிரி கன்னடத்தில். அதிலும் என் வாய்க்கு ஊரில் தனிப் பெயர். பாவசங்கீர்த்தனத்தில் பாதி நேரம் அதற்கே போய்விடும்.

சாயங்காலம் பூசை. ராத்திரிக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பு. அவரைக்காய் பிதுக்கிப் பிதுக்கி நகமெல்லாம் பச்சை.

ஜனவரி 19, திங்கள்

வந்தாள். உடம்பு போட்டிருக்கிறது. முகத்தில் ஒரு உப்பல். தலை படிய வாரி, பொட்டு வைத்து, புது ஸ்வெட்டர். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விடுகிற பிள்ளை மாதிரி டிபன் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் வீட்டுக்காரர் முருகேஷ் பைக்கில் கொண்டுவந்து விட்டார். ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. வண்டியை அணைக்காமலே பேசினார். "பார்த்துக்கங்கக்கா. ஆவாதுன்னா உடனே சொல்லிடுங்க. ஆனேக்கல்ல அவங்கம்மா வூட்டுல வுட்டுடறேன். என்னால தினமும் பயந்துகினு இருக்க முடியாது." அவள் பக்கத்தில்தான் நிற்கிறாள். அவள் காதில் விழாது என்றே நினைத்துப் பேசுகிறார். அம்மா வீட்டில் விடுவது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கொண்டுபோய் விடுவார், கூப்பிட வரமாட்டார். குழந்தையும் இல்லை, திரும்பிப் பார்க்க ஒரு காரணமும் இல்லை.

முன்பெல்லாம் அவள் உள்ளே வந்தாலே "வாடி சோம்பேறி" என்பேன். அவளும் "வந்துட்டேன் வாயாடி" என்பாள். இன்று என் வாயிலிருந்து வந்தது: "வாம்மா, உட்காரும்மா." நாற்காலி வேறு எடுத்துப் போட்டேன். நாங்கள் யாரும் உட்கார்ந்து வேலை பார்த்ததே கிடையாது. அவள் நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உட்கார்ந்தாள்.

காலையில் கட்டுக்குப் பேப்பர் சுற்றி ரப்பர் பேண்டு போடும் வேலை கொடுத்தேன். மதியத்துக்கு மேல் தானாகவே எழுந்து அளவு மேசைக்கு வந்தாள். "இதுதானக்கா என் வேல." சரி என்றேன்.

நாள் முழுக்க எல்லோர் முகத்திலும் சிரிப்பு. கோல்டு ரூம் மோட்டார் ஓடும் சத்தம் ஷெட்டில் இவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

ஜனவரி 21, புதன்

ஊருக்கு மேல்பக்கம் ராகிக் காட்டில் யானை. மூன்று என்கிறார்கள். வெட்டுகிற பெண்கள் பயந்து தாமதமாக வந்தார்கள், எல்லா வேலையும் தள்ளிப்போனது. மேனேஜர் யானையை விட்டுவிட்டு எங்களைக் கேள்வி கேட்டார்.

மஞ்சு கட்டும் கட்டுகள் சரியில்லை. அளவு மேசையில் ஒரு பலகை, அதில் நாற்பது, ஐம்பது, அறுபது என்று செ.மீ. கோடுகள். பூத் தலையை ஒரு முனையில் வைத்தால் காம்பு எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அந்த வாளியில் போட வேண்டும். அவ்வளவுதான். முன்பு இவள் பலகையையே பார்க்க மாட்டாள், கை தானாகப் பிரிக்கும். இப்போது ஐம்பதும் அறுபதும் கலந்து கிடக்கிறது. கலந்து போனால் வாங்குகிறவன் மொத்தப் பெட்டியையும் கீழ்விலைக்குத் தள்ளிவிடுவான்.

சாப்பாட்டு நேரத்தில் நானும் நாகம்மாவும் கோல்டு ரூமுக்குள் போய் அவள் கட்டுகளைப் பிரித்து மறுபடி கட்டினோம். குளிரில் விரல் மரத்துவிட்டது. நாகம்மா தெலுங்கில் முணுமுணுத்தாள். யாரைத் திட்டினாளோ, அநேகமாக என்னை.

திரும்பி வந்ததும் மஞ்சு கேட்டாள். "என் கட்டெல்லாம் சரியா இருக்காக்கா?"

"அருமையா இருக்கும்மா."

ஜனவரி 24, சனி

மே. (மேனேஜர்தான், முழுசாக எழுத நேரமில்லை) வந்து கேட்டார். "அந்தப் பொண்ணு எப்டி?" "நல்லா பண்றா சார்." பிறகு தீபா போனில். "எப்டிக்கா இருக்காங்க?" "ஒரு குறையும் இல்ல." "கை நடுக்கம், கண்ணு மங்கல், தூக்கக் கலக்கம், ஏதாச்சும் பார்த்தீங்களா? டாக்டர்கிட்ட சொல்லணும்." "அதெல்லாம் ஒண்ணும் இல்ல தீபா, அவ சூப்பரா இருக்கா."

நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு. அவள் குறை எதையாவது என் வாயால் சொன்னால் அது ஆனேக்கல் பஸ்ஸுக்கு நானே டிக்கெட் எடுத்துக் கொடுத்த மாதிரி. அதனால் எல்லோரிடமும் ஒரே பாட்டு.

வீட்டில் இவருக்கு இருமல். கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், ஜன்னலை மூடிக்கொண்டு ஓட்டு என்றால் கேட்பதில்லை. துளசி, மிளகு வைத்துக் கஷாயம்.

ஜனவரி 26, திங்கள்

பண்ணையில் கொடியேற்றம். லட்டு. எங்கள் பெண்கள் தட்டில் இருந்ததில் பெரிய லட்டாகப் பார்த்து மஞ்சு கையில் வைத்தார்கள். ஒருத்தி, "பாவம், நல்லா சாப்புடட்டும்" என்று மெதுவாகச் சொன்னாள். மெதுவாகச் சொன்னதுதான், ஆனால் கேட்டிருக்கும்.

கை கழுவும் இடத்தில் மஞ்சு என்னிடம் வந்தாள். "நான் பக்கத்துல வந்தா எல்லாரும் பேச்ச நிறுத்திடறாங்கக்கா. நெஜமாவே நிறுத்தறாங்களா, எனக்குத்தான் அப்டித் தோணுதா?"

"உனக்கு ஏன் அப்டித் தோணுது? யாரும் நிறுத்தலம்மா."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பயந்துவிட்டாளா, சமாதானமாகிவிட்டாளா, தெரியவில்லை. நானும் ஏதோ வேலை இருக்கிற மாதிரி நகர்ந்துவிட்டேன்.

ஜனவரி 28, புதன்

பிடிபட்டோம்.

மதியம் நானும் நாகம்மாவும் கோல்டு ரூமில். கதவு திறந்தது. மஞ்சு. ஸ்வெட்டரை மறந்துவிட்டேன் என்று எடுக்க வந்தவள். நாகம்மா மடியில் அவள் கட்டின கட்டு, பாதி பிரித்தபடி. என் கையில் இன்னொன்று. அவள் சுற்றிய பேப்பர் தரையெல்லாம் கிடக்கிறது.

நான் ஏதோ உளறினேன். "சும்மா, பேப்பர் மாத்தலாம்னு..."

அவள் கத்தவில்லை, அழவில்லை. குனிந்து ஒரு பேப்பரை எடுத்துப் பார்த்தாள். "மொத நாள்ல இருந்தா?" என்று கேட்டாள். நாகம்மாவுக்குப் பொய் வராது. "அவுனு" என்றாள். ஆமாம் என்று.

ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சாயங்காலம் வரை தலை நிமிராமல் வேலை பார்த்தாள். முருகேஷ் வந்ததும் பைக்கில் ஏறிப் போய்விட்டாள். டிபன் டப்பா இங்கேயே இருக்கிறது.

சாப்பிட மனசு வரவில்லை.

ஜனவரி 29, வியாழன்

வரவில்லை. போன் செய்தால் முருகேஷ்தான் எடுத்தார். "திரும்பப் படுத்துட்டாக்கா. செவுத்தப் பார்த்துகினு படுத்திருக்கா. நான்தான் அன்னைக்கே சொன்னேனே. ஞாயித்துக்கெழம ஆனேக்கல் இட்டுனு போயிடறேன்."

எனக்கு வாய் வரவில்லை. எனக்கு.

பெண்களில் ஒருத்தி சொன்னாள்: "நாம ஒரு வார்த்தைகூட திட்டலியேக்கா, அப்புறம் ஏன் இப்டி ஆச்சு?" நாகம்மா வாளியை நங்கென்று கீழே வைத்தாள்.

ஆர்டர் கூடிவிட்டது. ஆள் குறைவு. மே. முகம் சரியில்லை.

ஜனவரி 30, வெள்ளி

வேலை முடிந்து நேராக மஞ்சு வீட்டுக்கு. அவளுடைய டிபன் டப்பா ஒரு சாக்கு.

முருகேஷ் ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். அவள் வாசல் படியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறவளைப் பார்க்கப் போன எனக்கு அதுவே பெரிய நிம்மதி. பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தேன். அப்போதுதான் அவள் விரலைப் பார்த்தேன். நடுங்குகிறது. ஒரு காயை இரண்டு மூன்று தடவை பிடித்துத்தான் திறக்கிறாள். பத்து நாளாக எதிரில் நின்று வேலை பார்த்திருக்கிறேன், இதை ஒரு தடவை உற்றுப் பார்க்கவில்லை. அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. பார்த்தால் எதையாவது கண்டுபிடித்துவிடுவோமோ என்று பயம்.

அவள்தான் ஆரம்பித்தாள்.

"பலகையில கோடு ரெண்டு ரெண்டா தெரியுதுக்கா. காலையில மாத்திரை போட்டா மத்தியானம் வரைக்கும் கிட்டத்துல எல்லாமே கலங்கலா இருக்கு."

"ஏன்டி சொல்லல?"

பழைய 'டி' தானாக வந்துவிட்டது. அவள் கவனித்தாள். ஒரு மாதிரி சிரித்தாள்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். கட்டு சரியா இருக்கான்னு கேட்டேன். நீங்க அருமையா இருக்குன்னீங்க. அப்போ கோடு ரெண்டா தெரியறது என் மனசோட வேலன்னு நெனச்சேன்."

நான் உரிப்பதை நிறுத்திவிட்டேன்.

"பேச்ச நிறுத்தறாங்களான்னு கேட்டேன். இல்லன்னு சொன்னீங்க. அப்போ மறுபடி அந்த மாதிரி ஆரம்பிச்சிடுச்சுன்னு பயந்துட்டேன். ராத்திரியெல்லாம் பயம். டாக்டர் என்ன சொல்லி அனுப்பிச்சாரு தெரியுமா? நீ பார்க்கறது, கேக்கறது நெஜமான்னு சந்தேகமா இருந்தா, நம்பிக்கையான ஒரு ஆள் கிட்ட கேளு, அவங்க சொல்றத எடுத்துக்கன்னாரு. வீட்டுக்காரர்கிட்ட கேட்டா பயந்துடறாரு. ஷெட்டுல நான் உங்களத்தான் அந்த ஆளா வெச்சிருந்தேன்."

அவளுக்குக் காலை ஊன்ற ஒரு இடம் வேண்டும் என்று என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள், நான் இனிக்க இனிக்கப் பொய் சொல்லி அந்த இடத்தையே பறித்திருக்கிறேன். அழுகை வந்தது. அழுதேன். அவரைக்காய்த் தோல் ஒட்டின கையாலேயே கண்ணைத் துடைத்தேன்.

"நான் உன்ன ஒதுக்கலடி. பயம். எதாச்சும் சொல்லி உனக்கு மறுபடி எதாச்சும் ஆயிடுமோன்னு."

"தெரியும்க்கா. எல்லாரையும் திட்டறீங்க. மோட்டார் ரிப்பேர் பண்ண வர்றவனக்கூட திட்டறீங்க. என்ன மட்டும் திட்டல. சாவு வூட்டுல நடந்துக்கற மாதிரியே இருந்துச்சு, நான் செத்த மாதிரியும் நீங்க எல்லாம் பார்க்க வந்த மாதிரியும்."

ஞாயிறு ஆனேக்கல் போகப்போகிறாயா என்று கேட்டேன். "நான் போறேன்னு யாருகிட்டயும் சொல்லல" என்றாள். "திங்கக்கெழம வர்றேன். ஆனா பிரிச்சுக் கட்டற வேல இருக்கக் கூடாது. தப்புன்னா என் மேசைக்கே கொண்டு வந்து போடுங்க."

வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. அவரைக்காயில் பாதியை எனக்கே கட்டிக் கொடுத்துவிட்டாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. முருகேஷ் என்ன செய்கிறாரோ என்றே இருந்தது.

வெளியே வந்ததும் தீபாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நடுக்கம், கண் கலங்கல், நான் சொன்ன பொய். திட்டும் என்று எதிர்பார்த்தேன். "நிறைய பேரு இப்டித்தான் பண்றாங்கக்கா" என்றது. அதுக்குத் திட்டே தேவலை. அந்த மாத்திரைக்கு அப்படி ஒரு குணம் உண்டாம், டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பாராம். வருகிற புதன் ஓசூரில் டாக்டர் வரும் முகாம். ஒவ்வொரு மாதமும் முதல் புதன். தானே முருகேஷிடம் பேசுவதாகவும் சொன்னது.

ராத்திரி தீபாவே கூப்பிட்டது. "முருகேஷ் ஆர்டர் போற வரைக்கும் பார்க்கறேன்னு சொல்லிட்டாருக்கா. அதுக்கு மேல அவரு ஒண்ணும் சொல்லல."

பிப்ரவரி 2, திங்கள்

வந்தாள். நாற்காலியை நானே எடுத்து ஸ்டோர் ரூமில் போட்டேன்.

எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்: "போன மாசம் நான் போட்ட ரூலு எல்லாம் கேன்சல்." யாருக்கும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பெண் பார்க்க வந்த வீடு மாதிரி ஒரு கூச்சம். பத்து மணிக்கு மஞ்சு கட்டின கட்டில் ஐம்பதும் அறுபதும். எடுத்துக்கொண்டு போய் அவள் மேசையில் போட்டேன்.

"ஏன்டி, இது என்ன கட்டு? கோயில் உண்டியல்ல போடற மாதிரி கையில வந்தத எல்லாம் சேத்துக் கட்டியிருக்க?"

ஷெட்டே நின்றுவிட்டது. மஞ்சு கட்டைப் பிரித்தாள், ஒவ்வொரு காம்பையும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு நிமிராமலே சொன்னாள்: "கோடு தெரியலன்னு அன்னைக்கே சொன்னேன். பலகைய மாத்தறதுக்குத் துப்பில்ல, திட்ட மட்டும் வந்துட்டீங்க."

முதலில் நாகம்மாதான் சிரித்தாள். அவ்வளவுதான், எல்லோர் சிரிப்பிலும் மோட்டார் சத்தம் அடங்கிப் போனது.

பலகைக்கு ஒரு வழி பண்ண வேண்டும்.

பிப்ரவரி 4, புதன்

மஞ்சு லீவு. தீபாவோடு ஓசூர் முகாம். ஆர்டர் நெருக்கும் நேரத்தில் ஒரு ஆள் இல்லாதது கஷ்டம்தான், மே. முணுமுணுத்தார். "போவலன்னா அப்புறம் ஒரேடியா இருக்க மாட்டா சார்" என்றேன்.

மாலை போன் செய்தாள். ஒரு மாத்திரையைப் பாதியாக்கி, இன்னொன்றை ராத்திரிக்கு மாற்றியிருக்கிறாராம். சரியாக ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம் என்றாராம். "அங்க எவ்ளோ கூட்டம் தெரியுமாக்கா? கம்பெனி யூனிபாரத்தோடவே வந்து நிக்கறாங்க. ஒரு லாரி டிரைவரு. ஒரு டீச்சரு." ஏதோ பொருட்காட்சி பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி சொல்லிக்கொண்டே போனாள்.

பிப்ரவரி 5, வியாழன்

இவர் பஸ்ஸில் படிக்கட்டுக்கு ஒட்டுகிற மஞ்சள் டேப் ஒரு சுருள் கொண்டுவந்தார். எங்கிருந்து என்று கேட்கவில்லை. அளவுப் பலகையில் கோட்டின் மேல் அதை ஒட்டினோம். ஐம்பதுக்கு மஞ்சள், அறுபதுக்குச் சிவப்பு இன்சுலேஷன் டேப். ஒரு விரல் அகலம். குருடனுக்கும் தெரியும்.

நாகம்மா வந்து நின்று பார்த்தாள். ஒரு காம்பை வைத்துப் பார்த்தாள். "ஓ, இங்கதான் இருக்குதா அறுபது" என்றாள். இத்தனை வருடமும் கோடு தெரியாமல் கை மதிப்பில்தான் ஓட்டியிருக்கிறாள் இந்தப் புண்ணியவதி. மஞ்சு வாய்விட்டுச் சிரித்தாள்.

மே. மறுபடி கேட்டார். இந்தத் தடவை உள்ளதைச் சொன்னேன். "மெதுவாத்தான் பண்றா. கண்ணு கலங்குதுன்னு மாத்திரை மாத்தியிருக்காங்க. போன மாசம் அவ கட்டுனத நாங்க திருத்திகினு இருந்தோம், உங்ககிட்ட மறைச்சேன். இப்போ திருத்தறதில்ல, அவளே திருத்திக்கறா." அவர் முகம் சுருங்கியது. "மறைக்கறது எனக்குப் பிடிக்காது ஜெயமேரி." திட்டு. வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

எழுத நேரமில்லை. கால் வீக்கம். வீட்டில் நேற்று வைத்த ரசம்தான் இன்றும். இவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

மஞ்சுவின் கை கொஞ்சம் தேவலை. கட்டர் கேட்டாள். கொடுத்தேன். கொடுக்கும்போது ஒரு நொடி என் கை தயங்கியது. அவள் அதைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டாள். தயக்கம் இன்னும் இருக்கிறது. பொய் சொல்லி என்ன.

பிப்ரவரி 12, வியாழன்

கடைசி வண்டி மதியம் போய்விட்டது. பெங்களூர் ஏர்போர்ட், அங்கிருந்து எங்கேயோ. ஷெட்டில் இலையும் முள்ளும் மட்டும். காலியான அட்டைப் பெட்டிகளை விரித்துப் போட்டு உட்கார்ந்தோம். டீ, பன்.

மே. வந்தார். லோடு ஏற்றுகிற ஆட்கள், டிரைவர்கள், எல்லோரும் இருந்தார்கள். மஞ்சு எனக்குப் பக்கத்தில் டீ டம்ளரோடு நின்றாள். அவளைத் தாண்டி என்னிடம், பாதிக் கன்னடத்தில் கேட்டார். "ஏனு ஜெயமேரி, இவள வெச்சிக்கலாமா?"

கேட்டுக்கு வெளியே முருகேஷ் பைக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு முடிவு தெரியும் என்று நேரத்திலேயே வந்துவிட்டார்.

வாய் திறந்தேன். என்னிடம் பேச எவ்வளவோ இருந்தது, ஐந்தாறு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு. மூடிக்கொண்டேன். பிறகு சொன்னேன்: "அவ இங்கதான் நிக்கறா சார். அவளயே கேளுங்க."

அவருக்குக் கொஞ்சம் சங்கடம். திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். "இருப்பியாம்மா?"

"இருப்பேன் சார். மாசத்துல முதல் புதன் மட்டும் லீவு வேணும். மனநல டாக்டர் வர்ற நாளு. எனக்கு மாத்திரை நிக்கக் கூடாது. நின்னா போன வருஷம் மாதிரி ஆயிடும்."

டீ நன்றாக இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். நாங்கள் இந்த ஷெட்டில் மனநலம் என்ற அந்த வார்த்தையை ஒரு நாளும் சொன்னதில்லை. 'அது', 'அந்தச் சமாச்சாரம்', 'அப்போ ஆச்சே'. அவ்வளவுதான் எங்கள் பாஷை. லோடு ஏற்றுகிறவன் ஒருவன் பன்னைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சரி" என்றார் மே. "முந்தின நாளே சொல்லிட்டுப் போ. மார்ச்ல இருந்து பழைய சம்பளம்." போய்விட்டார். இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவுக்கா இத்தனை நாள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

மஞ்சு கேட்டுக்குப் போய் முருகேஷிடம் ஏதோ பேசினாள். கடைசியில் அவள் குரல் உயர்ந்தது மட்டும் கேட்டது. "யுகாதிக்கு எங்கம்மா வூட்டுக்குப் போலாம். ரெண்டு பேரும். ரெண்டு நாளு." அவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு, உள்ளே வந்து எங்களோடு ஒரு டீ குடித்தார்.

நான் தொட்டியில் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். தொட்டிக்கு அந்தப்பக்கம் நாகம்மா மஞ்சுவைக் கூப்பிட்டு நிறுத்தியது கேட்டது. நான் இருப்பது நாகம்மாவுக்குத் தெரியும், என்றாலும் பேசினாள்.

"அந்தப் புதன்கெழம. எந்த பஸ்ஸு?"

"ஏன்க்கா?"

நாகம்மாவிடமிருந்து பாதி தெலுங்கு, பாதி தமிழ். "எங்க சின்னவன். பெங்களூர்ல வேலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருக்கேன். அவன் வூட்டுலதான் இருக்கான். ரெண்டு வருஷமாச்சு. கதவு தொறக்க மாட்டான். தட்டு உள்ள போவுது, தட்டு வெளிய வருது. அவ்ளோதான்."

இத்தனை வருடம் ஒரே மேசையில், தோளும் தோளும் இடிக்க நின்றவள். போன பொங்கலுக்குக்கூட, மகன் பெங்களூரிலிருந்து சட்டை எடுத்து அனுப்பினானா என்று கேட்டேன். அனுப்பினான் என்றாள்.

மஞ்சு ஏன் மறைத்தாய் என்று கேட்கவில்லை. பாவம் என்றும் சொல்லவில்லை.

"பஸ் ஏறுவானா?"

"கூட்டம்னா வர மாட்டான். ஆளுங்க பார்த்தா வர மாட்டான்."

"மொத பஸ்ஸு காலியாத்தான் வரும். நான் உங்களுக்கு ரெண்டு ஸ்டாப்பு முன்னாடியே ஏறிடுவேன். ஜன்னலோரமா துண்டு போட்டு அவனுக்கு எடம் புடிச்சு வெக்கிறேன்" என்றாள் மஞ்சு. "வரலன்னா பரவால்லக்கா. அடுத்த மாசமும் போடறேன்."